டார்னீட்டில் கரிசல்

சாவி கைக்கு வந்த அன்று எங்கள் வீட்டுக்கு முன்பக்கம் என்று ஒன்றும் இல்லை. ஒரு கான்கிரீட் டிரைவ்வே, அதையொட்டி சுமார் 40 சதுர மீட்டர் வெறும் மண். அதில் செங்கல் துண்டு, ஓட்டுச்சில்லு, வேலையாட்கள் குடித்துப்போட்ட டின்கள். மெல்போர்னுக்கு மேற்கே டார்னீட்டில் புதிதாக மனை பிரித்த பகுதி. தெரு முழுக்க இதே கோலம்தான்.

வீட்டுக்குள் கட்டில்கூட வராத நேரத்தில் தோட்டத்தைப் பற்றி யார் யோசிப்பார்கள்? ஆனால் மனை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. குடியேறிய 3 மாதத்துக்குள் முன்தோட்டம் போட்டு முடிக்க வேண்டும். இன்னொரு வரி, முன்பக்கம் வேலியோ மதிலோ கூடாது. கோவில்பட்டியில் இருக்கும் அம்மாவால் இதைக் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "கேட் இல்லாம ஒரு வீடா? மாடு உள்ள வந்துராதா?" என்றார். இங்கே தெருவில் மாடு திரியாது என்றேன். "அப்ப நாயி?"

டிசம்பரில் ஆரம்பித்தேன். அதுதான் முதல் தப்பு. இங்கே டிசம்பர் கோடைக்காலம் என்பது தெரியும். ஆனால் உடம்பு இன்னும் மார்கழியில்தான் இருந்தது. தோண்டுவதற்கு முன், பூமிக்கடியில் கேஸ் குழாயும் கேபிளும் எங்கே போகின்றன என்று பிஃபோர் யூ டிக் என்ற இலவசச் சேவையில் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். அப்புறம் கடப்பாரையை ஓங்கிப் போட்டால் டங்கென்று திரும்பி வந்தது. மண் இரும்பாக இருந்தது. நடுநடுவே தலையளவு கருங்கல் வேறு. மேல்மண்ணை வீடு கட்டும்போதே வழித்துவிட்டிருந்தார்கள். மிச்சம் இருந்ததை இயந்திரங்கள் ஏறி இறங்கி அமுக்கிவிட்டிருந்தன.

சரி, எதற்குத் தோண்ட வேண்டும் என்று கடையில் இரண்டு அங்குல மண் வாங்கிப் பரப்பி, அதன்மேல் சுருள் சுருளாக வரும் ரெடிமேட் புல்லை விரித்தேன். பத்து நாள் பச்சைப்பசேல் என்று இருந்தது. போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். ஜனவரியில் வடக்கிலிருந்து அனல்காற்று வீசி 40 டிகிரியைத் தாண்டிய இரண்டே நாளில் புல் வைக்கோலாகிவிட்டது. ஊற்றிய தண்ணீர் கீழே இறங்கவே இல்லை. சாய்வைப் பிடித்துச் சாலைக்கு ஓடியது. ஸ்பிரிங்ளர் போடுவதானால் மாலை 6 மணியிலிருந்து காலை 10 மணிக்குள்தான் போட வேண்டும் என்பது விக்டோரியா மாநிலத்தின் நிரந்தர விதி. ஆகவே வேலை முடிந்து வந்து ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு, செத்துப்போன புல்லுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வீடியோ காலில் புல் காய்ந்ததைக் காட்டும்போது கேமரா தரைப்பக்கம் திரும்பியது. அப்பா சட்டென்று, "நில்லு, நில்லு. அந்த வெடிப்பைக் காட்டு" என்றார். புல்லுக்கு நடுவே கைவிரல் நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக மண் வெடித்திருந்தது.

"மழை பெஞ்சா கால்ல அப்புமா?"

"செருப்பே வராதுப்பா, அப்படி அப்பும்."

"அது கரிசல்லடா. நம்ம மண்ணு. அதுல போயி வேனல்ல கடப்பாரையப் போடுவியா?"

வெட்கமாக இருந்தது. பருத்தியும் உளுந்தும் கம்பும் விளைகிற காட்டில் வளர்ந்தவன் நான். எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளி இது. அந்தக் கல் சிதைந்து வந்த களிமண்ணும் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், எங்கள் கரிசலைப் போலவே. மழையும் இந்தப் பக்கம் குறைவுதான். ஓட்வே மலைத்தொடரின் மழை மறைவில் கிடக்கிறது. மெல்போர்ன் நகரத்துக்கு ஆண்டுக்கு 650 மில்லிமீட்டர் பெய்தால் எங்களுக்கு 550 தேறுவதே அபூர்வம்.

அதன்பிறகு அப்பா சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. சித்திரை மழைக்குக் காத்திருப்பதுபோல் ஏப்ரல் வரை சும்மா இருந்தேன். அது இங்கே இலையுதிர்காலம். செடி வைக்க அதுதான் நல்ல பருவம் என்று நர்சரியிலும் சொன்னார்கள். மழை பெய்து மூன்றாம் நாள், மண் ஒட்டவும் செய்யாமல் கட்டியாகவும் இல்லாமல் ஒரு பதத்துக்கு வந்தது. அந்தப் பதம் இரண்டு நாள்தான் நிற்கும். அதற்குள் கிளறி, சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கணக்கில் ஜிப்சம் தூவி, கம்போஸ்ட் கலந்தேன். அதன்மேல் மூன்று அங்குலத்துக்கு மரச்சில்லு மூடாக்கு. ஜிப்சம் மட்டும் அப்பாவுக்குப் புதிது. "ஆட்டுக்கிடை போட்டா போதுமே" என்றார். டார்னீட்டில் கிடை போட்டால் கவுன்சில்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

இந்த மண்ணின் குணம் செடியோடு நிற்பதில்லை, வீட்டையும் அசைக்கும். வீடு கட்டும்போது தந்த மண் பரிசோதனை அறிக்கையில் எங்கள் மனைக்கு 'எச்' வகுப்பு என்று போட்டிருந்தது. நிறைய ஊதிச் சுருங்கும் மண் என்று பொருள். சுவரோரம் பாத்தி கட்டித் தினமும் தண்ணீர் விட்டால் அந்தப் பக்கம் மட்டும் தரை தூக்கி, சுவரில் விரிசல் விழும். பெரிய மரம் வைத்தால் அது ஈரத்தை உறிஞ்சி இன்னொரு பக்கத்தைத் தாழ்த்தும். மரம் எவ்வளவு உயரம் வளருமோ, சுவரிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி நட வேண்டும் என்பது பொதுக்கணக்கு. எங்கள் முன்பக்கத்தின் ஆழமே 4 மீட்டர்தான். மரக்கனவு அதோடு போயிற்று.

சுவரைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். செங்கல் சுவரின் அடிவரிசையில் அங்கங்கே செங்குத்தாக இடைவெளி விட்டிருந்தார்கள். கொத்தனார் பூச மறந்துவிட்டார் என்று நினைத்து, சிலிக்கான் குழாயோடு உட்கார்ந்து நான்கை அடைத்தும் விட்டேன். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர்தான் ஓடிவந்து தடுத்தார். சுவருக்குள் புகும் ஈரம் வெளியேறுவதற்கான துவாரங்களாம் அவை. அவற்றை அடைக்கவும் கூடாது, மண்ணாலோ மரச்சில்லாலோ மூடவும் கூடாது. அடித்தளத்தின் விளிம்பும் 75 மில்லிமீட்டராவது வெளியே தெரிய வேண்டும், கரையான் ஏறினால் கண்ணில் படுவதற்காக. அடைத்த நான்கையும் கத்தியால் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அவர் தன் பாத்தியில் விளைந்த கடுகுக்கீரை ஒரு கட்டு கொடுத்து ஆறுதல் சொன்னார்.

சாலைக்கும் மனைக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் உண்டு. நேச்சர் ஸ்ட்ரிப் என்பார்கள். கவுன்சிலுக்குச் சொந்தம், ஆனால் புல் வெட்டுவது நாம்தான். குத்தகைகூட இல்லாத குடிமராமத்து.

செடிகளுக்கு வருகிறேன். லொமாண்ட்ரா, டயனெல்லா, கொரியா என்று இந்த நாட்டுச் செடிகளையே வைத்தேன். ஓரத்தில் கங்காரு புல். இந்தச் சமவெளி ஒருகாலத்தில் முழுக்கப் புல்வெளியாக இருந்தது, அதில் பெரும்பகுதி இந்தப் புல்தான். எங்கள் தெரு போன்ற தெருக்கள் பெருகி, அந்தப் புல்வெளி இன்று அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. கங்காரு புல் இந்தியாவிலும் இயற்கையாக வளர்வதுதான் என்று பின்னால் படித்தேன். முருங்கை வைத்துப் பார்த்தேன், ஜூன் மாத உறைபனியில் கருகியது. கறிவேப்பிலை தொட்டியில் இருக்கிறது. குளிர் வந்தால் அது எங்களோடு வீட்டுக்குள் வந்துவிடும்.

வாசலில் ஒரு குறை இருந்தது. டிரைவ்வே கூழாங்கல் துருத்திக்கொண்டிருக்கும் வகைக் கான்கிரீட். கோலமாவு இடுக்கில் போய் விழும், கோடு நிற்காது. மனைவி ஒரு வாரம் முயன்று வெறுத்துப்போனாள். கடைசியில் இரண்டடிக்கு இரண்டடி புளூஸ்டோன் பலகைக்கல் ஒன்று வாங்கி வாசற்படிக்கு முன் பதித்தோம். இந்த மண்ணுக்குக் கீழே கிடக்கும் அதே எரிமலைக்கல்தான். மெல்போர்னின் பழைய சந்துகளில் பாவியிருப்பதும், பென்ட்ரிட்ஜ் சிறைச்சாலையின் மதிலும் இந்தக் கல்தான். ஜெயில் கல்லில் கோலமா என்று கேட்டேன். அவள் நிமிரவில்லை. ஏழு புள்ளி, நேர்வரிசை. கருங்கல்லில் வெள்ளைமாவு அப்படி எடுப்பாக விழுந்தது.

இந்த மே மாதம் இடதுபக்க மூலையில் இன்னும் கொஞ்சம் கிளற வேண்டியிருந்தது. மழை விட்ட மறுநாள் அப்பாவுக்கு போன் போட்டேன். "ஒரு பிடி எடுத்து உருட்டு" என்றார். உருட்டினேன். பந்தாக வந்தது, கையெல்லாம் அப்பியது. "இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்றார். போனில் வானிலையைப் பார்த்தேன். அந்த இரண்டு நாளும் மழை என்று போட்டிருந்தது.