நிறுத்திய மாத்திரை

அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். நைட் டியூட்டியில் கேஷுவாலிட்டிக்கு வந்தார். மூன்று நாளாக வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றல். பிபி 80/50. இரண்டு பாட்டில் சலைன் போயும் ஏறவில்லை. சர்க்கரை 58, சோடியம் 122, பொட்டாசியம் மட்டும் சரியாக இருந்தது. காய்ச்சல் இல்லை, ஈசிஜியிலும் ஒன்றும் இல்லை.

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?"

"ஒண்ணும் இல்லப்பா."

அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. உருண்டை முகம், குச்சிக் கைகால், தொட்டாலே கன்றிப்போகும் தோல். பார்த்ததும் புரிந்திருக்க வேண்டும்.

சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியின் குறைபாடு ஒரு கணம் மனதில் வந்துபோகத்தான் செய்தது. ஆனால் நான் படித்தது 1855-ல் தாமஸ் அடிசன் விவரித்த நோய். அதில் சுரப்பியே அழிந்துபோகும். ஈறும் உள்ளங்கை ரேகையும் கறுக்கும், பொட்டாசியம் ஏறும். இவருக்கு இரண்டும் இல்லை. விட்டுவிட்டேன்.

பிறகு வந்த சீனியர் கேள்வியை மாற்றிக் கேட்டார். "போன மாசம் வரைக்கும் என்னம்மா சாப்பிட்டீங்க?"

மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தாளில் மடித்துக் கொடுக்கும் செட் மாத்திரை. இரண்டு வருடமாக. உடம்புக்குச் சூடு என்று மகன் சொன்னதால் பத்து நாள் முன்பு நிறுத்தியிருக்கிறார். மருமகள் பையில் மிச்சமிருந்ததில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் இருந்தது. உருண்டை முகமும் கன்றிப்போகும் தோலும் அதனால்தான்.

வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி, அட்ரினலை வேலை வாங்கும் ஏசிடிஎச் ஹார்மோனை அனுப்புவதைக் குறைத்துவிடும். வேலையில்லாத அட்ரினல் சுருங்கிப்போகும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், உடம்புக்குத் தேவையான கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டை அதனால் உடனே சுரக்க முடியாது. அடிசன் நோயில் தோல் கறுப்பது ஏசிடிஎச் ஏறுவதால்; இங்கே அது குறைவதால் கறுக்காது. உப்பைக் காக்கும் இன்னொரு அட்ரினல் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன், முக்கியமாகச் சிறுநீரகம் சுரக்கும் ரெனினின் பேச்சைக் கேட்பதால் பொட்டாசியமும் ஏறாது. நான் தேடிய அடையாளங்கள் இந்த வகையில் வரவே வராது.

கார்ட்டிசாலுக்கு ரத்தம் எடுத்துவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி 100 மில்லிகிராம் நரம்பில் போட்டோம். காலையில் பிபி 110. இட்லி கேட்டார்.

டிஸ்சார்ஜ் அன்று, தினமும் மாத்திரை, காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு, வாந்தி வந்தால் உடனே ஊசிக்கு ஓடி வரவேண்டும், நாமாக நிறுத்தவே கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். மகன் குறுக்கிட்டார். "ஸ்டீராய்டாலதான் இப்படி ஆச்சுன்னீங்க. இப்ப அதையே எழுதுறீங்களே சார்?"

நியாயமான கேள்வி. ஓபி சீட்டின் பின்பக்கம் ஒரு சிறுநீரகம் வரைந்து, அதன் தலையில் சின்னதாக ஒரு தொப்பி வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.