உப்புச் சோதனைக்குப் பின் மீண்டும் சுவைத்த சுருட்டு

சென்ற ஆண்டு முழுவதும் நான் எழுதிவைத்த சுருட்டுச் சுவைக் குறிப்புகளில் பாதிக்கு மேல் தவறானவை என்பது இந்த ஆண்டில்தான் எனக்குத் தெரிய வந்தது. தவறு இலையிலும் இல்லை, அதைச் சுருட்டிய கையிலும் இல்லை. மயிலாப்பூரில் என் வீட்டு அலமாரியில் சுருட்டுகளை வைத்திருக்கும் மரப்பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்று உண்டு. அது ஆண்டு முழுக்க 69 என்ற எண்ணைக் காட்டிக்கொண்டிருக்க, நானும் அதை நம்பி, அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த ஒவ்வொரு சுருட்டையும் பற்றித் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

கருவியைச் சோதிக்க நம் அடுக்களையில் இருக்கும் உப்பே போதும். ஒரு சோடா மூடியில் உப்பை நிரப்பி, அது கரைந்துவிடாமல் ஈர மணல் போல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கருவியோடு சேர்த்துக் காற்றுப்புகாத டப்பாவில் ஓர் இரவு முழுக்க மூடிவைக்க வேண்டும். நனைந்த உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்தை 75 விழுக்காட்டில் நிறுத்திவிடும் என்பது இயற்பியல் விதி. கருவி சரியாக இருந்தால் காலையில் 75 என்று காட்டும். என் கருவி உப்புக்குப் பக்கத்திலும் 69 என்றே காட்டியது. அதாவது, பெட்டிக்குள் 69 என்று நான் மகிழ்ந்திருந்த நாட்களிலெல்லாம் உள்ளே 75 இருந்திருக்கிறது.

சுருட்டுப் பாதுகாப்பு பற்றி எழுதுவோர் பொதுவாகச் சொல்லும் அளவு, 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் 18 முதல் 20 பாகை வெப்பமும் ஆகும். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் குளிர்நாட்டுக்காரர்கள். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது அறைக்காற்று வறண்டுவிடுவதால், பெட்டிக்குள் ஈரத்தை எப்படிச் சேர்ப்பது என்பதே அவர்களுடைய கவலை. பஞ்சை நனைத்து வை, காய்ச்சி வடித்த நீரை ஊற்று என்று அவர்கள் சொல்வதை நானும் சென்னையில் அப்படியே செய்துகொண்டிருந்தேன். ஐப்பசி, கார்த்திகையில் கதவு உப்பிக்கொண்டு சாத்த முடியாமல் போகிற ஊரில், அப்பளம் அரை மணியில் நமுத்துப்போகிற ஊரில், ஒரு மரப்பெட்டிக்குள் மேலும் தண்ணீர் ஊற்றியதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இங்கே செய்ய வேண்டியது ஈரத்தை வெளியே எடுப்பது. அந்தப் பஞ்சை எறிந்துவிட்டு, 65 என்று அச்சிட்ட இருவழிப் பொட்டலங்களை வைத்தேன். அவற்றுக்குள் இருப்பதும் ஒருவகை உப்புக் கரைசல்தான். கூடுதல் ஈரத்தை உறிஞ்சவும் குறைந்தால் திருப்பித் தரவும் அதற்குத் தெரியும். வெப்பத்துக்கு வேறு வழியில்லை. பெட்டி இப்போது குளிரூட்டிய அறையில் இருக்கிறது. 25 பாகையைத் தாண்டிய வெப்பம் நீடித்தால் இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து, ஊசி குத்தியது போன்ற துளைகளோடு சுருட்டு வீணாகும். ஒரு கோடையில் ஒரு கடையில் வாங்கிய கட்டு முழுவதையும் நான் அப்படி இழந்திருக்கிறேன்.

ஈரம் மிகுந்தால் சுவை ஏன் கெடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளச் சுருட்டின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். கையால் சுருட்டிய தரமான சுருட்டில் வெளியே ஒரு மெல்லிய ராப்பர் இலை, அதற்குள் கட்டிப்பிடிக்கும் பைண்டர் இலை, நடுவே நீளவாக்கில் மடித்துவைத்த ஃபில்லர் இலைகள் என மூன்று அடுக்குகள் உண்டு. கியூபாவில் ஃபில்லருக்கு மூன்று வகை இலைகளைக் கலக்கிறார்கள். செடியின் அடிப்பகுதியிலிருந்து எடுக்கும் வொலாடோ நன்றாக எரியும். நடுப்பகுதியின் செக்கோ மணம் தரும். மேலே வெயிலை முழுதாக வாங்கி வளர்ந்த லிகேரோ தடித்தும் எண்ணெய்ப்பசையோடும் இருப்பதால் வீரியம் தரும், ஆனால் மெதுவாகத்தான் எரியும். அதனால் லிகேரோவை நட்டநடுவில் வைத்துச் சுருட்டுவார்கள். நெருப்பு அந்த மூன்றையும் ஒரே வேகத்தில் தின்றால்தான் சுருட்டியவர் நினைத்த சுவை நமக்குக் கிடைக்கும். ஈரம் ஊறிய சுருட்டில் இலைகள் உப்பி, காற்று போகும் வழி அடைபடுகிறது; தடித்த லிகேரோ பற்றிக்கொள்ளத் தயங்குகிறது; ஓரம் ஒரு பக்கமாக எரிகிறது; அணைந்து அணைந்து மீண்டும் கொளுத்த வேண்டியிருப்பதால் கசப்பு ஏறுகிறது. என் பழைய நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் 'இழுவை இறுக்கம், இடப்பக்கம் எரியவில்லை, முடிவில் கசப்பு' என்று எழுதியிருக்கிறேன். அந்த வரிகள் அனைத்தும் என் பெட்டியைப் பற்றிய விமர்சனமே தவிர, சுருட்டைப் பற்றியவை அல்ல.

ஆகவே புதிய பொட்டலங்களோடு இரண்டு மாதம் ஆறவிட்டு, அதே சுருட்டுகளை மீண்டும் எடுத்தேன். முதலில் மாண்டிகிரிஸ்டோ நம்பர் 4. 1935-இல் தொடங்கிய கியூபப் பெயர் இது. நீளம் 129 மில்லிமீட்டர், ரிங் கேஜ் 42. ரிங் கேஜ் என்பது ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அதில் எத்தனை பங்கு என்று சொல்லும் கணக்கு என்பதால், இதன் குறுக்களவு 17 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கையில் பிடித்தால் சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். பெட்டியின் அடிப்பக்கத்தில் தொழிற்சாலைக் குறியும், ஸ்பானியச் சுருக்கத்தில் மாதமும் ஆண்டும் முத்திரையிட்டிருக்கும்; நான் வாங்கும்போது பார்க்கும் முதல் இடம் அதுதான்.

காற்றில்லாத மாலையில் மொட்டை மாடியில் அமர்ந்தேன். கடற்காற்று வீசும் நாளில் சுருட்டுப் பிடிப்பது வீண்; காற்றடிக்கும் பக்கம் சூடேறி, புகை காந்தும். பற்றவைக்கும் முன் விரல்களால் மெல்ல அழுத்திப் பார்த்தபோது, பழுத்தும் பழுக்காத கொய்யா போல இலேசாக உள்வாங்கி மீண்டது. முனையில் மூடியிருக்கும் தொப்பியை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் வெட்டினேன். கொளுத்தாமலே இழுத்துப் பார்த்ததில் வைக்கோற்போர் மணமும், அதன் அடியில் ஓர் இனிப்பும் வந்தன. தீக்குச்சியின் கந்தகம் எரிந்து தீரும் வரை காத்திருந்து, சுடரைத் தொடாமல் சற்று மேலே பிடித்துச் சுழற்றிக் கொளுத்தினேன். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. வாயில் நிறுத்தி, அதில் சிறு பங்கை மூக்கு வழியே விடுவேன். மணம் முழுவதும் அந்த வழியில்தான் தெரியும்.

சுவையை எந்தச் சொற்களால் எழுதுவது என்பதிலும் இந்த முறை மாறியிருக்கிறேன். பழைய குறிப்புகளில் தோல், சீடர் மரம், காட்டுத்தரை என்றெல்லாம் எழுதியிருந்தேன். அவை நான் படித்த விமர்சனங்களில் இருந்த சொற்கள். காட்டுத்தரை எப்படி மணக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? 1992-இல் தொடங்கிய சிகார் அஃபிசியனாடோ இதழ் பரப்பிய நூறு புள்ளி மதிப்பெண்ணையும் நான் பின்பற்றி வந்தேன். 88-க்கும் 89-க்கும் நடுவில் என்ன வேறுபாடு கண்டேன் என்று என்னால் இன்று சொல்ல முடியவில்லை. அதனால் அதை விட்டுவிட்டேன். நமக்கோ அறுசுவை என்ற கணக்கு இருக்கிறது. அதில் துவர்ப்பு தனிச்சுவையாக நிற்பது சுருட்டை எழுதுவோருக்குப் பெரிய கொடை. வாழைப்பூ, மாவடு, கடுக்காய் என்று துவர்ப்பிலேயே பத்து வகையை அறிந்து வளர்ந்த நாக்கு நம்முடையது.

அந்த நாக்கோடு எழுதுகிறேன். மாண்டிகிரிஸ்டோவின் முதல் மூன்றில் ஒரு பங்கு, தெருமுனையில் காப்பிக்கொட்டை வறுக்கும் கடையைக் கடக்கும்போது வரும் மணம். அரைத்த தூளின் மணமல்ல, சூடாகத் தட்டில் கொட்டிய கொட்டையின் மணம். நடுப்பங்கில் அது தணிந்து, தனியாவை எண்ணெய் விடாமல் வறுக்கும்போது எழும் வாசனை வந்தது. அப்போது புகை தடித்து, நாவின் ஓரங்களில் வாழைப்பூத் துவர்ப்பு படிந்தது. கடைசிப் பங்கில் மிளகும், பாகு முறுகும் முன் கருப்பட்டியும் சேர்ந்தன. என்னை வியக்கவைத்தது அதன் பிறகு நடந்தது: தண்ணீர் குடித்தபோது, நெல்லிக்காய் தின்றபின் குடிப்பது போல அந்தத் தண்ணீர் இனித்தது. நாற்பது நிமிடத்தில் ஒரு முறைகூட அணையவில்லை. சென்ற ஆண்டு நோட்டில் இதே பெட்டியின் சுருட்டுக்கு எதிரே 'சாதாரணம்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, நிகரகுவா இலையில் சுருட்டிய பட்ரோன் 1964 ஆனிவர்சரி. ஹோசே ஒர்லாண்டோ பட்ரோன் மயாமியில் நிறுவனத்தைத் தொடங்கிய ஆண்டு அந்தப் பெயரில் இருக்கிறது. பெட்டியில் அழுத்திச் சதுரமாக்கிய உருவம், நான் எடுத்தது கருமையான மதுரோ ராப்பர். இதைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை, ஏனென்றால் இது தொடக்கத்திலேயே தன் முழு முகத்தையும் காட்டிவிடுகிறது: முறுகலாக வறுத்த எள், கோகோ, சுக்கு. அந்தச் சுக்கு மட்டும் முடிவு வரை ஏறிக்கொண்டே போகிறது. வெறும் வயிற்றில் இதை யாரும் தொட வேண்டாம். வியர்த்துத் தலை சுற்றும். சுவையின் நயத்தில் எனக்கு மாண்டிகிரிஸ்டோவே பிடிக்கிறது, ஆனால் எரியும் ஒழுங்கில் இதைப் போல ஒன்றை நான் கண்டதில்லை. சாம்பல் இரண்டு அங்குலம் வரை உதிராமல் நின்றது.

இவை எவ்வளவு நல்ல இலையானாலும் புகையிலைதான். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் நிக்கோட்டின் வாயின் தோல் வழியே இரத்தத்தில் கலக்கும். வாய்ப்புற்றுநோயின் ஆபத்தும் உண்டு. மாதத்துக்கு இரண்டு என்று நான் வைத்துக்கொண்டிருப்பது அதனால்தான். வீட்டில் மற்றவர்கள் இருக்கும் நேரத்தில் கீழே கொளுத்துவதும் இல்லை.

கடைசியாக உறையூர்ச் சுருட்டு. ஆங்கிலத்தில் செரூட் என்று வழங்கும் சொல்லே நம் 'சுருட்டு' என்பதிலிருந்து போனது. வெள்ளைக்காரர் காலத்தில் திருச்சிராப்பள்ளியின் பெயரோடு கடல் கடந்து போன பண்டம் இது. திண்டுக்கல் பக்கத்து இலை, இரு முனையும் திறந்த உருவம். என் தாத்தா இடுப்பு மடிப்பில் வைத்திருப்பார். முனீஸ்வரனுக்குப் படைக்கும்போதும் இதுவேதான், வேறு ஒன்றை அந்தத் தெய்வத்தின் முன் வைத்து நான் பார்த்ததில்லை. சென்ற ஆடியில் உறையூரில், திண்ணையில் அமர்ந்து சுருட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ஏன் இவ்வளவு தளர்வாகச் சுருட்டுகிறீர்கள் என்று கேட்டேன். “இறுக்கினா பாக்க அழகா இருக்கும் தம்பி, இழுக்க வராது. காத்துக்கு வழி விட்டுட்டு மிச்சத்துலதான் இலை” என்றார். என் பழைய நோட்டின் பாதிப் பக்கங்களுக்கு அந்த ஒரு வரி விடையாக இருந்தது.

அவரிடம் வாங்கிய கட்டில் ஒன்றை அன்றே பிடித்தபோது, மாட்டுத் தொழுவத்தில் மூக்கில் ஏறும் காரம் போன்ற ஒரு நெடி முன்னே வந்து நின்றது. அது அம்மோனியா. இலையை அடுக்கிப் புழுங்கவைக்கும்போது வெளியேற வேண்டிய வாயு. போதுமான காலம் கிடைக்காத இலையில் தங்கிவிடும். கியூபாவிலும் நிகரகுவாவிலும் இலை ஆண்டுக்கணக்கில் ஆறிய பின்பே சுருட்டுகிறவர் கைக்கு வருகிறது. இங்கே விற்கும் விலைக்கு அந்தக் காத்திருப்பை யார் தாங்குவார்கள்? எனவே காத்திருப்பை நானே ஏற்பது என்று முடிவு செய்து, மிச்சக் கட்டைத் தனி டப்பாவில், மற்றவற்றோடு மணம் கலக்காமல், அதே 65-இல் வைத்தேன்.

ஐந்து மாதம் கழித்துப் போன வாரம் ஒன்றை எடுத்தேன். நெடி பெரும்பாலும் போய்விட்டது. முதல் இழுப்பிலிருந்து கடைசி வரை ஒரே சுவை, மாறவே இல்லை: முதல் மழை விழுந்த செம்மண், அதன்மேல் புகைந்த பனையோலை. மாண்டிகிரிஸ்டோ போல மூன்று கட்டங்களாக விரியும் கலை இதில் இல்லை, அந்தக் குறையை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் இந்த மண்ணின் மணத்தை வேறு எந்தச் சுருட்டிலும் நான் கண்டதில்லை. துவர்ப்பு மட்டும் இன்னும் கூடுதலாக, பிஞ்சு மாவடு அளவில் இருக்கிறது. டப்பாவில் பதினேழு மிச்சமுள்ளன. அடுத்ததை வரும் ஆடியில், கட்டுக்கு ஓராண்டு நிறையும்போது எடுப்பேன்.