பாயில் பரப்பிய சொலிட்டேர்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, திருத்துறைப்பூண்டிக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்து வீட்டில் இருந்தேன். விடிந்து பார்த்தால் கொல்லைத் தென்னைகளில் பாதி சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்களும் விழுந்திருந்ததால், மின்சாரம் இப்போதைக்கு வராது என்பது யாரும் சொல்லாமலே விளங்கியது. பகலெல்லாம் மட்டை வெட்டி ஒதுக்கும் வேலை இருந்தது. இரவில் கை சும்மா இருப்பதைப் பார்த்த பெரியப்பா, பரணிலிருந்து ஒரு பழைய சீட்டுக்கட்டை எடுத்துக் கொடுத்தார்.

1990இல் விண்டோஸ் 3.0 உடன் வந்த, ஒருவரே தனியாக ஆடும் சீட்டாட்டமான சொலிட்டேர், மௌஸால் பிடித்து இழுத்து விடப் பலருக்கும் பழக்கிய ஆட்டம் என்பார்கள். எனக்கு அது பழக்கியது அந்த இழுப்பை மட்டும்தான் என்பது பாயில் உட்கார்ந்த பிறகே தெரிந்தது. ஏழு வரிசை என்பது நினைவிருந்ததால் வரிசைக்கு ஏழாக வைத்தேன். 49 சீட்டுகள் போய்க் கையில் ஒன்றிரண்டே மிஞ்சின. முதல் வரிசைக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு என ஏழு வரை ஏறி மொத்தம் 28 சீட்டுகளை வைத்து, ஒவ்வொரு வரிசையிலும் கடைசிச் சீட்டை மட்டும் திறந்து வைக்க வேண்டும் என்பது அதன் பிறகே பிடிபட்டது. மூடியவை 21, கையில் நிற்க வேண்டியவை 24.

சிவப்பு ஒன்பதின் மேல் கறுப்பு எட்டு என்று நிறம் மாற்றி இறங்குவதும், ஏஸ் வந்தால் தனியே எடுத்து வைத்து அதே இனத்தில் ராஜா வரை ஏற்றுவதும், காலியான வரிசையில் ராஜாவை மட்டும் வைப்பதும் தெரிந்த விதிகள்தாம். ஆனால் கணினி தவறான சீட்டை ஏற்காமல் திருப்பி அனுப்பிவிடும். பாய் எதையும் திருப்பி அனுப்பாது. அரிக்கேன் வெளிச்சத்தில் சிவப்பு ஆர்ட்டினும் கறுப்பு இஸ்பேட்டும் ஒன்றுபோலத் தெரிந்ததால், கறுப்பு ஏழின் மேல் கறுப்பு ஆறை வைத்துவிட்டு நாலைந்து நகர்த்தல்களுக்குப் பிறகு விழித்துக்கொண்டு, ஆட்டத்தையே கலைத்த இரவும் உண்டு.

கலைப்பது இன்னொரு பாடு. முடிந்த ஆட்டத்தின் சீட்டுகள் வரிசையாகச் சேர்ந்திருக்கும், போதாக்குறைக்கு ஈரத்தில் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டன. ஆகவே பாயில் கொட்டி இரு கைகளாலும் நன்றாகப் பிசைந்து சேர்ப்பதே சரிப்பட்டது.

மூன்றாம் இரவு, மூடியவை எல்லாம் திறந்த பிறகும் கிளாவர் ஆறோடு நின்றுவிட்டது. எண்ணிப் பார்த்தால் 51 சீட்டுகள்.

"அந்த ஏழு தொலைஞ்சு எத்தனையோ வருஷமாச்சு, நீ கேக்கவே இல்லையேப்பா" என்றார் பெரியப்பா. ஜோக்கரின் மேல் பேனாவால் 'கிளாவர் 7' என்று எழுதிக்கொண்டேன்.

தோற்றுத் தோற்றுச் சில வழக்கங்கள் கைக்கு வந்தன. மூடிய சீட்டுகள் அதிகமுள்ள வரிசையை முதலில் திறக்கப் பார்ப்பேன். ராஜா தயாராக இல்லாமல் ஒரு வரிசையைக் காலி செய்ய மாட்டேன். ஏஸையும் இரண்டையும் உடனே மேலே ஏற்றலாம், மற்றவற்றில் அவசரம் கூடாது என்பது என் கருத்து. ஆர்ட்டின் ஐந்தை ஏற்றிவிட்ட மறுகணமே இஸ்பேட் நாலுக்கு இடமில்லாமல் தவித்திருக்கிறேன். கையிலிருந்து மூன்று மூன்றாகப் புரட்டும்போது, நடுவில் ஒன்றை எடுத்தால் அடுத்த சுற்றில் மேலே வரும் சீட்டுகள் மாறிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இத்தனைக்குப் பிறகும் சில பரப்பல்கள் எப்படி ஆடினாலும் முடியாதவை.

எட்டாம் நாள் இரவு நான்கு ராஜாக்களும் ஏறினார்கள். கணினியில் ஜெயித்தால் சீட்டுகள் துள்ளித் துள்ளி விழும். இங்கே பெரியப்பா அவற்றை வாரி ரப்பர் பேண்டு போட்டுவிட்டு, எண்ணெய் வீணாகிறது என்று திரியை இறக்கினார்.