பாம்பன் பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு

எதிர்க்காற்றில் மிதிக்க முடியவில்லை. பாலத்தின் மேட்டில் இறங்கி உருட்டினோம்.

இவர் கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே கை காட்டினார். "நம்ம வீடு அங்கதான இருந்துச்சு?"

திருச்சியிலிருந்து சைக்கிளில் வருவதே இதற்காகத்தான். அந்த ஓட்டு வீட்டைக் காணோம்.

1986-ல் கல்யாணம் முடிந்து நேராகப் பாம்பனுக்குத்தான் வந்தேன். இந்தச் சாலைப் பாலம் திறந்தது 1988-ல். அதுவரை ரயில்தான் கதி. பாலத்தில் அது ஊர்ந்து போகும்போது கண்ணை இறுக்கி மூடி இவர் சட்டையைப் பிடித்துக்கொள்வேன். ஒருமுறை பித்தான் பிய்ந்து கடலுக்குள் போய்விட்டது. அதற்கு இன்னும் கணக்குக் கேட்கிறார் மனுஷன்!

1914-ல் திறந்த அந்த ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. பக்கத்திலேயே 2025-ல் திறந்த புதுப் பாலம். கப்பல் வந்தால் நடுத்துண்டு அப்படியே மேலே எழும்பும். பழையது இரண்டு பக்கமும் விரிந்து வழிவிட்டது. எனக்குப் பழசுதான் அழகு, இவருக்குப் புதுசு. தங்கச்சிமடம் வரை இதே வாக்குவாதம்.

அப்போது இப்படி வாய் கொடுத்திருக்க மாட்டேன். அவர் சொன்னால் தலையாட்டுவேன். இருவருமே பாதி அந்நியர்களாகத்தான் அந்த வீட்டில் இருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

நாளை தனுஷ்கோடி. அரிச்சல்முனை வரை தார் ரோடு இருக்கிறது. காற்றுதான் கொஞ்சம் கருணை காட்ட வேண்டும்.