ஆல்டரேஷன் மேசையிலிருந்து பார்த்தால்

மேற்கு மாம்பலத்தில் ஆல்டரேஷன் தையல் என் தொழில். ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் பாண்டி பஜாரிலும் வாங்கிய குர்த்தி, சுடிதார், பேன்ட் எல்லாம் விலைச்சீட்டைக் கூடக் கழற்றாமல் என் மேசைக்கு வந்து சேரும். "கடையில் போட்டுப் பார்த்தபோது சரியாக இருந்தது, அக்கா" என்றுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்கும். அவர்கள் சொல்வது உண்மை. கையைத் தொங்கவிட்டு, அசையாமல் நின்று பார்த்தால் எந்தத் துணியும் ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கும்போதுதான் அக்குள் இழுப்பது தெரியும். உட்காரும்போதுதான் பேன்ட் பின்னிடுப்பில் இறங்குவது தெரியும். கையை விரித்தால் இரண்டு பக்கமும் பலகை இடிக்கிற டிரையல் ரூமில் இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது?

தையல்காரிக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று கேட்கலாம். துணியைப் பிடிப்பது எளிது, விடுவது கடினம். பெரிதாக இருக்கும் குர்த்தியை இடுப்பில் பிடித்துக் கொடுத்துவிடலாம். இறுக்கமாக இருப்பதை விட வேண்டுமென்றால் உள்ளே துணி இருக்க வேண்டும். ரெடிமேடில் பெரும்பாலும் நூல் பிரியாமல் இருக்க ஓவர்லாக் தையல் அடிக்கும்போதே ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். பிரித்தால் கால் அங்குலம் கிடைப்பதே அரிது. தோள்பட்டை சேரவில்லை என்றால் இன்னும் சிரமம். துணியின் கையைக் கழற்றி, அது சேரும் வளைவான ஆர்ம்ஹோலைத் திரும்ப வெட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். கூலி துணியின் விலையில் பாதியை எட்டிவிடும். "வேண்டாம் அம்மா, யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பும்போது எனக்கே வருத்தமாக இருக்கிறது.

சட்டமும் இங்கே அதிகம் உதவாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள். ஆனால் அக்குள் இழுப்பது துணியின் குறை ஆகாது. மாற்றித் தருவதும் தராததும் கடைக்காரர் மனத்தைப் பொறுத்தது. அளவுச்சீட்டையும் நம்ப முடியவில்லை. ஒரு கம்பெனியின் 'எல்' இன்னொரு கம்பெனியின் 'எம்' ஆக இருக்கிறது. நம் மக்களின் உடலுக்கென்று ஓர் அளவு அட்டவணை உருவாக்குவதற்காகவே, தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் திட்டத்தை எடுத்தது. அப்படி ஓர் அட்டவணை எல்லாக் கடைகளுக்கும் வந்து சேரும்வரை, வாங்குபவருக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு அந்தச் சின்ன அறைதான். அதைத்தான் ஸ்டாக் வைத்து மிஞ்சிய மூலையில் அடைக்கிறார்கள். தீபாவளி நெரிசலில் அதையும் மூடி, 'டிரையல் கிடையாது' என்று அட்டை தொங்கவிடும் கடைகள் உண்டு. துணி அதிகம் விற்கும் வாரத்தில்தான் அந்த அறை அதிகம் தேவைப்படுகிறது.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பட்டு எடுக்கப் போகிற நம் வீட்டுப் பெரியவர்கள் புடவையைக் கடை வாசலுக்கு எடுத்துவரச் சொல்லி, வெயில் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். எத்தனை நல்ல பழக்கம்! ஒரே சாயம் ஒரு விளக்கில் அரக்காகவும் இன்னொன்றில் பழுப்பாகவும் தெரியும். கடை விளக்கில் ஒன்றுபோலத் தெரிந்த டாப்பும் துப்பட்டாவும் தெருவில் இறங்கியதும் வேறு வேறாகிவிடும். டிரையல் ரூமில் உடை மாற்றியவர் வாசலுக்கு ஓட முடியாது. வாசல் வெளிச்சத்தை உள்ளே கொண்டுவருவது கடையின் பொறுப்பு. ஒரு விளக்கு நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் அளவு இருக்கிறது, உச்சம் 100. தொண்ணூறுக்கு மேல் உள்ள எல்.இ.டி. விளக்குகள் கடைகளில் கிடைக்கின்றன. அதைத் தலைக்கு நேர் மேலே மாட்டாமல் கண்ணாடியின் இரு பக்கமும் மாட்ட வேண்டும். மேலிருந்து விழும் ஒளியில் கண்ணுக்கடியிலும் வயிற்றுக்கடியிலும் நிழல் விழுந்து, பொருந்துகிற உடைகூடப் பொருந்தாததுபோலத் தோன்றும். எத்தனை இளம்பெண்கள் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத் தங்கள் உடம்பை நொந்துகொண்டு வெளியே வந்திருப்பார்கள்! எனக்கு அது பொறுக்கவில்லை.

கண்ணாடி இரண்டு வேண்டும், ஒன்றையொன்று பார்க்கும்படி. முதுகுப் பக்கம் தெரியாமல் பிளவுஸ் வாங்கக் கூடாது. பிளவுஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது: புடவை கட்டிக்கொண்டு போகிற ஒரு பெண், மேலே ஒரே ஒரு கொக்கியும் கீழே தூசியுமாக இருக்கும் அறையில் ஐந்தரை மீட்டர் துணியை எங்கே வைப்பார்? நாலைந்து கொக்கி, ஒரு ஸ்டூல், துடைத்த தரை, சின்னதாக ஒரு மின்விசிறி. மே மாதத்தில் வியர்த்த உடம்பில் குர்த்தி ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. இழுக்கிற இழுப்பில் அக்குள் தையல் விட்ட துணிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

திரைச்சீலை வேண்டாம், தாழ்ப்பாள் போட்ட கதவு வேண்டும். பெண்ணின் அந்தரங்கத்தை மறைந்திருந்து பார்ப்பதும் படமெடுப்பதும் 2013 முதல் தனிக் குற்றம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 77-வது பிரிவு. முதல் முறைக்கே குறைந்தது ஓராண்டுச் சிறை. ஆனால் சுவரில் ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிற வேலை உடை மாற்ற வந்தவளுடையது அல்ல. தினமும் கடை திறக்கும்போது ஒரு பெண் ஊழியர் எல்லா அறைகளையும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

அந்த ஊழியர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாலையில் என்னிடம் வருகிறவர்களில் துணிக்கடைப் பெண்களும் உண்டு. கால் வீக்கம் எனக்குத் தெரியும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. டிரையல் ரூம் வாசலில் டோக்கன் எண்ணுகிற பெண்ணுக்கு முதலில் அந்த நாற்காலியைப் போடுங்கள். அவளுக்கு உதவியாக இன்னொருவரையும் கொடுங்கள். உள்ளே இருப்பவர் கதவைத் தட்டி "அடுத்த சைஸ் வேண்டும்" என்றால் எடுத்துவர ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய உடையை மறுபடி மாட்டிக்கொண்டு, நெரிசலில் நீந்தி, திரும்ப வரிசையில் நிற்க முடியாமல், இறுகுவதையே வாங்கிப் போகிறார்கள்.

ஆடித் தள்ளுபடிக்கு முன் பல கடைகளில் ரேக்குகளை இடம் மாற்றுவார்கள். அப்போதே ஒரே ஓர் அறையையாவது பெரிதாக்கலாம். சக்கர நாற்காலி திரும்ப 1500 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். அந்த அளவு இருந்தால் முழங்கால் வலிக்கிற தாயை மகள் கூட இருந்து உடுத்திவிடலாம், கைக்குழந்தைக்காரியும் நுழையலாம். இரண்டு ரேக்கை நகர்த்தினால் கிடைக்கிற இடம்தான் அது.