ஒற்றைத் தாளின் சத்தம்

முதுகலை முதலாண்டில் கருத்தரங்க வகுப்பு என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். பதிவு எண் வரிசைப்படி அழைப்பார்கள் என்பதால், எனக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுவதிலேயே கவனம் முழுவதும் போய்விடும். அவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்டால் இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. என் முறை வந்தபோது, கையில் பிடித்திருந்த ஒற்றைத் தாள் சரசரத்த சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும் என்றே நம்பினேன். வகுப்பு முடிந்ததும் தோழியிடம் அதைச் சொல்லிப் புலம்பினேன். "தாளா? உனக்கு அடுத்து நான்தானே பேச வேண்டும், நீ பேசியது எதுவுமே என் காதில் விழவில்லை" என்றாள்.

உள்ளே நடக்கும் அமளி அப்படியே வெளியே தெரிந்துவிடும் என்ற இந்த நம்பிக்கையை உளவியலாளர்களான தாமஸ் கிலோவிச்சும் கென்னத் சாவிட்ஸ்கியும் மேடைப்பேச்சோடு சேர்த்து ஆராய்ந்து 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பேசுபவர் தம் பதற்றம் வெளியே தெரிவதாக நினைக்கும் அளவுக்குக் கேட்பவர்களுக்கு அது தெரிவதில்லை என்பது அதில் உறுதிப்பட்டது. அதைவிட எனக்கு வியப்பளித்தது, இந்த உண்மையை முன்கூட்டியே எடுத்துச் சொல்லிவிட்டுப் பேச வைத்த மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள் என்பதுதான். பயப்படாதே என்று யார் சொன்னாலும் எனக்கு ஒருநாளும் பயம் போனதில்லை (சொன்னவர்கள் பெரும்பாலும் நன்றாகப் பேசக்கூடியவர்கள்); உன் பயம் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் ஒருவேளை போயிருக்கும்.

கையாண்ட உத்திகளில் ஒன்று மட்டும் எனக்குப் பலித்தது. தாளுக்குப் பதிலாகக் கெட்டி அட்டை போட்ட குறிப்பேட்டை எடுத்துச் சென்றேன். கை நடுங்கினாலும் அட்டை சத்தம் போடாது. முழு உரையையும் மனப்பாடம் செய்தது மட்டும் பெரும் பிழை, ஒரு சொல் நழுவியதும் அதைத் தொடர்ந்து மற்ற எல்லாமே நழுவிப்போயின.

இப்போது நானே பாடம் நடத்துகிறேன். கேள்வி கேட்டதும் வகுப்பு மௌனமாகும்போது, இவர்கள் படிக்கவில்லை என்று முடிவுகட்டத்தான் முதலில் தோன்றுகிறது. பள்ளி வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் கண்டறிந்தார். அதை மூன்று வினாடியாக நீட்டியபோது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசத் தொடங்கினார்களாம். பல்கலைக்கழக மாணவர்களுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆகவே கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் எண்ணுகிறேன். இரண்டாவது எண்ணிக்கையில் ஒரு பெண் பேனா மூடியைக் கழற்றி மாட்டுகிறாள், கை பாதி உயர்ந்து முடியைச் சரிசெய்வதுபோல் இறங்குகிறது. மூன்று என்று எண்ணி முடிப்பதற்குள் எனக்குத்தான் வியர்த்துவிடுகிறது.