பச்சை விளக்கை நம்பாதே: விலையேற்ற வாரக் குறிப்புகள்

ஜூன் 23, திங்கள்

புது விலைப்பட்டியல் வந்துவிட்டது. ஜூலை 1 முதல் அமல். நிறுவனத்தின் விற்பனை, கணக்கு எல்லாம் ஓடும் எஸ்ஏபி மென்பொருளில், புது விலை போடும் விகே11 திரையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தட்டுவது நடக்கிற காரியமில்லை. மொத்தமாக ஏற்றத்தான் வேண்டும்.

ஒருமுறை கையால் போட்டுக் காட்டி அதை ரெக்கார்டிங் செய்து, மீதியை பேட்ச் இன்புட் செஷனாக, அதாவது ஃபைலில் உள்ளதை அதே திரைகளில் சிஸ்டமே தட்டும்படி, ஓட்டுவது என்று முடிவு. சிஸ்டங்களுக்கிடையே தரவை அனுப்பும் ஐடாக் வழி வேகமாக இருக்கும்தான். ஆனால் செஷன் ஒவ்வொரு திரையையும் கடந்து போகிறது, ஆள் தட்டினால் என்னென்ன சோதனைகள் நடக்குமோ அத்தனையும் நடக்கும். டேபிளில் நேராக எழுதிவிடலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். தேடும் சாவி ஏ304 போன்ற டேபிளில், தலைப்பு கோன்ஹெச்சில், தொகை கோன்பியில். மூன்றையும் கட்டிப்போடுவது ஒரு பதிவு எண். ஒன்று விட்டுப்போனாலும் அனாதை விலைகள்தான் மிஞ்சும். வேண்டவே வேண்டாம்.

ஜூன் 24, செவ்வாய்

சோதனை சிஸ்டத்தில் முதல் ஓட்டம், பாதியில் நின்றது. ஏற்கெனவே விலை இருக்கும் பொருளுக்குப் புது விலை போட்டால், காலம் மோதுகிறது என்று கூடுதலாக ஒரு திரை வருகிறது. ரெக்கார்டிங் செய்த பொருளுக்குப் பழைய விலை இல்லை, அதனால் அந்தத் திரை அதில் பதிவாகவில்லை. பழைய விலை உள்ள பொருளை வைத்து மறுபடி ரெக்கார்டிங்.

ஜூன் 26, வியாழன்

இன்று ஒரு பிழைகூட இல்லை. செஷன் லாக் முழுக்கப் பச்சை. "அப்படியே புரொடக்‌ஷனுக்கு ஏத்திடலாமா சார்?" என்றான் கூட வேலை பார்க்கும் பையன்; நிஜ வியாபாரம் ஓடும் சிஸ்டத்தைச் சொல்கிறான். இரு, டேபிளைப் பார்த்துவிடலாம் என்றேன்.

ஏ304-ஐத் திறந்து, தொடக்கத் தேதி வாரியாக வரிசைப்படுத்தினோம். ஒரு கொத்துப் பதிவுகள் மட்டும் ஜனவரி 7-இல் தொடங்கின. ஃபைலில் அந்தப் பகுதியில் மட்டும் தேதி புள்ளி, கோடு எதுவுமில்லாமல் 07012025 என்று இருக்கிறது. தயாரித்தவர் மாதத்தை முதலில் எழுதுகிறவர். செஷன் ஓடிய யூசருக்கோ நாள்தான் முதலில். பேட்ச் இன்புட் தருவது வெறும் எழுத்து. அதை எப்படிப் படிப்பது என்பது அந்த யூசரின் அமைப்பைப் பொறுத்தது. ஜனவரி 7 செல்லுபடியாகும் தேதி என்பதால் சிஸ்டம் முணுமுணுக்கக்கூட இல்லை.

இதன் விளைவு தேதியோடு நிற்காது. புதுப் பதிவு உள்ளே வந்ததும் பழையதன் ஆயுள் தானாகவே ஜனவரி 6-இல் வெட்டப்பட்டுவிட்டது. மார்ச் மாத ஆர்டரை யாராவது திறந்து விலையைப் புதுப்பித்தால், மார்ச்சில் இல்லாத விலை வந்து உட்காரும். கணக்குப் பிரிவு கதவைத் தட்டியபின்தான் தெரிந்திருக்கும்.

தொகையில் வரும் கோளாறாவது பெரும்பாலும் கத்திவிடும். 1.250,00 என்று எழுதும் யூசருக்கு 1,250.00 கொடுத்தால் செஷன் அங்கேயே நிற்கும். சத்தம் போடாதது தேதி. இன்னொன்று, எத்தனை எண்ணத்துக்கு இந்த விலை என்ற கட்டம். நூற்றுக்கான விலையை ஒன்றுக்கென்று ஏற்றினாலும் பச்சைதான்.

ஃபைலைத் திருப்பி அனுப்பியாயிற்று. தேதி எல்லாம் ஒரே வடிவத்தில் வர வேண்டும், நூற்றுக்கான விலைகள் தனியாக வர வேண்டும்.

ஜூன் 28, சனி

புரொடக்‌ஷன் ஏற்றம். ஒரே பெரிய செஷனாக இல்லாமல், விற்பனை நிறுவன வாரியாகப் பிரித்துப் பின்னணியில் ஓட்டினோம். சில விழுந்தன. அந்த விற்பனை நிறுவனத்துக்கு இன்னும் திறக்கப்படாத பொருள்கள் சில. மற்றவை, யாரோ விலை மாற்றும் விகே12 திரையைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனதால் பூட்டிக்கிடந்தவை. சனிக்கிழமையும் வேலை பார்க்கிறார் ஒரு புண்ணியவான்! செஷன்களை நிர்வகிக்கும் எஸ்எம்35 திரையில் விழுந்தவற்றை மட்டும் பிழை காட்டும் முறையில் மறுபடி ஓட்டியதும் தீர்ந்தது.

டேபிளில் பழையவை 30.06.2025-இல் முடிகின்றன, புதியவை 01.07.2025-இல் தொடங்கி 31.12.9999 வரை ஓடுகின்றன. சரி.

ஜூன் 30, திங்கள்

நாளைய தேதி போட்டு ஆர்டர்களைச் சோதித்ததில், சில வாடிக்கையாளர்களுக்குப் பழைய விலையே வருகிறது. விலைப் பகுப்பாய்வைத் திறந்தால் காரணம் தெரிகிறது. வாடிக்கையாளரும் பொருளும் சேர்ந்த தனி விலை முதலில் தேடப்படுகிறது, கிடைத்ததும் தேடல் நிற்கிறது, பொதுப்பட்டியல் வரை போவதே இல்லை. ஒப்பந்த விலை, தொடாதீர்கள் என்றது விற்பனைப் பிரிவு.

ஜூலை 1, செவ்வாய்

புது ஆர்டர்கள் சரியாக வருகின்றன. காலையிலேயே விற்பனை மேலாளரின் போன்: நிலுவை ஆர்டர்கள் ஏன் மாறவில்லை? மாறாது. ஆர்டர் போட்ட அன்றே விலை அதற்குள் நகலாகிவிட்டது. மாஸ்டரில், அதாவது மூல விலைப் பதிவில், என்ன செய்தாலும் அதற்குத் தெரியாது. மாற்ற வேண்டுமானால் ஆர்டரிலேயே விலையை மறுபடி கணக்கிட வைக்க வேண்டும்.

"எல்லாத்தையும் மாத்திடுங்க" என்றார். எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிடும் 'பி' வகையில் ஓட்டினால், விற்பனையாளர்கள் பேரம் பேசிக் கையால் போட்ட தள்ளுபடிகளும் சேர்ந்து போய்விடும் என்று சொன்னதும் மறுமுனையில் பேச்சில்லை. 'சி' வகை அவற்றை விட்டுவைத்து மற்றதை மட்டும் புதுப்பிக்கும். ஆனாலும் எந்த வாடிக்கையாளரிடம் பழைய விலையை உறுதி சொல்லியிருக்கிறோம் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? பட்டியலை எழுத்தில் தாருங்கள் என்றேன்.

மாலையில் வந்தது. எல்லா ஆர்டரும் இல்லை, பாதிக்கும் குறைவு. இரவு 'சி' வகையில் ஓடுகிறது.